நாலு விரல் இடம்

போன ஆடி மாதம் ஊரே சாரலில் நனைந்துகொண்டு குற்றாலத்துக்கு ஓடியது. நான் வடகரையில் என் வீட்டுக் கட்டிலில் கிடந்தேன். இடுப்புக்குக் கீழே இருந்த இரண்டு கால்களும் என்னுடையவை என்றே தெரியவில்லை. என் மனைவி கோமதி தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும். கொசு கடித்தால்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இனி ஆயுசுக்கும் இப்படித்தான் என்று முடிவுகட்டி, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். போலீஸ்காரன் அழலாமா என்று கேட்பீர்கள். அழுதேன் ஐயா. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

பிரதோஷத்துக்குக் குற்றாலநாதர் சன்னதியில் என் பக்கத்தில் நிற்கிற அன்பர்கள் சிலர், "ஏட்டையா, உங்க கதைய எழுதிக் குடுங்களேன், நாலு பேரு படிக்கட்டும்" என்று கேட்டார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது புகாரும் வாக்குமூலமும்தான். இதையும் ஒரு வாக்குமூலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

என் பெயர் குத்தாலிங்கம். என் அம்மா குற்றாலநாதரை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். பிள்ளையைக் கொடுத்த சாமி தாராளமாகவே கொடுத்துவிட்டார். வாசலில் நான் வந்து நின்றால் வீட்டுக்குள் இருட்டிவிடும் என்பாள் கோமதி. எனக்கு யூனிபார்ம் தைக்கிற தென்காசித் தையல்காரர் ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார். "ஏட்டையா, உங்களுக்குச் சட்டை தைக்கதும் கல்யாணப் பந்தல் போடுததும் ஒண்ணுதான்" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். அந்த உடம்பு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சீசன் வந்தால் என்னைப் பேரருவியிலோ ஐந்தருவியிலோ டூட்டி போட்டுவிடுவார்கள். வாயில் விசில், கையில் லத்தி. "நகரு, நகரு, அடுத்த ஆளுக்கு வழிய வுடு!" நாள் முழுக்க இதே பாட்டுத்தான். அருவிக்குள் போனவன் லேசில் வெளியே வரமாட்டான். எத்தனை விசில் ஊதினாலும் காதில் விழாத மாதிரி நிற்பான். நான் இரண்டு எட்டு வைத்து அவன் முன்னால் போய் நின்றால் போதும், தானாக நகர்ந்துவிடுவான். கூட டூட்டி பார்க்கிறவர்கள், "ஏட்டையா வந்துட்டா அருவியே கொஞ்சம் ஒதுங்கித்தான் விழும்" என்று கேலி பேசுவார்கள்.

போன வருஷம் ஆனிக் கடைசியில், முதல் சாரல் விழுந்த வாரம், நடு முதுகில் ஒரு வலி வந்தது. பெல்ட்டைக் கழற்றி மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாற்போல ஒரு வலி. எங்கள் ஊரில் முதுகுவலி என்றால் யாரும் முதலில் டாக்டரிடம் போவதில்லை. அருவியில் போய் முதுகைக் கொடுப்போம். அதுதான் வழக்கம். எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்து ஜனங்கள் முதுகைக் கொடுக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிற நமக்கு என்ன வந்தது? கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து நானும் உள்ளே போய், கம்பியைப் பிடித்துக் குனிந்துகொண்டு, வலிக்கிற இடத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி நிற்பேன். உலக்கையால் இடிக்கிற மாதிரி இறங்கும். வெளியே வந்தால் வலி குறைந்த மாதிரி இருக்கும். தினமும் இதைச் செய்தேன். உண்மையில் குறைந்துகொண்டிருந்தது வலி மட்டும் இல்லை, உணர்ச்சியும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை.

கோமதிதான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் டூட்டி முடித்து வீட்டுக்குள் வருகிறேன். அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன இது, ஒத்தச் செருப்போட வாறிய?"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருக்கிறது. இடது கால் வெறுங்காலாக இருக்கிறது. செருப்பு எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தேன், எதுவும் தெரியவில்லை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் முள் குத்தி ரத்தம் காய்ந்து கிடந்தது. அதுவும் தெரியவில்லை. கோமதி ஊசியை எடுத்து வந்து முள்ளை நோண்டி எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யார் காலையோ நோண்டுகிற மாதிரி இருந்தது.

மறுநாளே தென்காசியில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் சுத்தியலால் முட்டியில் தட்டினார், ஊசியால் குத்திக் குத்தி எங்கே தெரிகிறது என்று கேட்டார். தண்டுவடத்தை ஏதோ ஒன்று அழுத்துகிறது என்றார். அது என்ன, முதுகில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும், தெரிந்தால்தான் ஆபரேஷன், தாமதித்தால் போன கால் திரும்பி வராது என்று பட்டென்று சொல்லிவிட்டார். அன்றைக்கே ஸ்கேன் சென்டருக்கு ஓடினோம். என் மச்சினன் கணேசன் கார் வைத்திருக்கிறான். அவன்தான் எங்களை ஏற்றிக்கொண்டு அலைந்தவன்.

அங்கே சுபா என்று ஒரு பெண் ஸ்கேன் எடுக்கிறவள். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஊர். உடம்பில் இரும்பு, வெள்ளி, தங்கம் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். வாட்சைக் கழற்றினேன், மோதிரத்தைக் கழற்றினேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. சின்ன வயதில் போட்டது. உடம்பு பெருக்கப் பெருக்க வளையம் சேர்த்து நீட்டிக்கொண்டே வந்தது. கொக்கி இறுகிப்போய்க் கழலவில்லை. அறுக்க வேண்டியதுதான் என்றாள் சுபா. கோமதி பாய்ந்துவிட்டாள்.

"உசுரோட இருக்க ஆம்பளைக்கு யாராச்சும் அரைஞாண அறுப்பாங்களாட்டி? என்ன பேச்சு பேசுதே?"

சுபா பாவம், பயந்து போனாள். அரைஞாணை அறுப்பது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் கோமதியே ஒரு வழி கண்டுபிடித்தாள். கணேசனை ஓடவிட்டுச் சிவப்புக் கயிறு வாங்கிவரச் சொல்லி, முதலில் அதை என் இடுப்பில் கட்டினாள். பிறகுதான் வெள்ளியை அறுக்கவிட்டாள். ஒரு விநாடிகூட இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாதாம். அறுத்த வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டு, "இனிமே கொண்டு போங்க" என்றாள்.

அந்த மெஷினைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய குழாய் மாதிரி இருக்கும். பலகையில் படுக்கவைத்து உள்ளே தள்ளுவார்கள். மெலிந்த ஆள் என்றால் ஒன்றும் தெரியாது. என்னைத் தள்ளினார்கள். தோள் இரண்டும் இரண்டு பக்கமும் உரசியது. கையை வயிற்றின் மேல் வைத்தேன், வயிறு மேல் சுவரில் இடித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். தோள் இறுகி மாட்டிக்கொண்டது. மேல் சுவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. என் மூச்சு அதில் பட்டு என் முகத்திலேயே திரும்பி அடித்தது. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்கள் என்று தோன்றியது. அவசரமென்றால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினேன். "வெளிய இழுங்க, வெளிய இழுங்க" என்று கத்தினேன்.

சுபா இழுத்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கையைத் தலைக்கு மேல் வைத்து ஒரு தடவை, ஒருக்களித்து ஒரு தடவை முயன்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டேப்பை எடுத்து வந்து என் தோளை அளந்தாள். எதற்கு என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாமா என்று கணேசன் கேட்டதற்கு, இந்த உடம்புக்கும் கோமதி சொன்ன என் குறட்டைக்கும் மயக்கம் கொடுத்தால் மூச்சுக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே கொடுத்தாலும் தோள் சின்னதாகிவிடுமா என்ன?

என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுவந்தபோது, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னாள். "ஆளு உள்ள போமாட்டுக்காராம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. ஊரையே ஒதுங்கச் சொன்ன உடம்பு. அதற்கு ஒரு மெஷினில் இடம் இல்லை.

டாக்டர் வேறு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் எலும்பு தெரிந்தது, தண்டுவடத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இடம் தெரியாமல் முதுகைத் திறக்க முடியாது என்றார். வாய் அகலமான மெஷின் எங்காவது இருக்கிறதா என்று விசாரிக்கிறோம், அதுவரை அட்மிட் ஆகுங்கள் என்றார். நான்தான் அடம்பிடித்து வீட்டுக்கு வந்தேன். கிடக்கிறதை என் வீட்டிலேயே கிடக்கிறேன் என்று சொன்னேன். எனக்கு எல்லார் மேலும் கோபம். டாக்டர் மேல், சுபா மேல், சோறு போட்டு வளர்த்த அம்மா மேல், எல்லாரையும் விட என் உடம்பு மேல்.

இரண்டே நாளில் இடது காலோடு வலது காலும் அசைவில்லாமல் போனது. பிறகு மூத்திரம் நின்றது. கோமதியால் என்னைத் தூக்க முடியாது. பக்கத்து வீட்டு ஆண்பிள்ளைகளைக் கூப்பிடுவாள். என்னைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு மனுஷனைத் தூக்குவது எதற்கு என்று நினைத்துக்கொண்டே அவர்கள் தோளைப் பிடித்துக்கொள்வேன். அப்போதுதான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதது.

தென்காசி ஆஸ்பத்திரியில் மூத்திரத்துக்குக் குழாய் போட்டார்கள். இனியும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நாளைக் காலையில் கட்டாயம் வந்து படுத்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். திரும்பும்போது காரின் பின் சீட்டில் சாய்ந்து கிடந்தவன், என்னை அறியாமல் சொன்னேன். "லே கணேசா, குத்தாலத்துக்கு வுடுலே."

"அத்தான், இந்த நெலமையிலயா? எறங்க முடியாதே."

"எறங்க வேண்டாம். வாசல்ல கொண்டு நிறுத்து. போதும்."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. கோயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிறுத்தினான். கோமதி குடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கண்ணாடியை இறக்கினேன். கோபுரம் தெரிந்தது. பின்னால் பேரருவிச் சத்தம். எத்தனை வருஷம் அந்தச் சத்தத்தில் நின்று விசில் ஊதியிருக்கிறேன். ஒரு நாளாவது உருப்படியாக உள்ளே போய்க் கும்பிட்டேனா என்றால், டூட்டி, டூட்டி என்று வாசலோடு போய்விடுவேன்.

நம் சாமியின் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதலில் நெடுமாலாக, உயரமான பெருமாளாக நின்றிருந்தவர்தான். அகத்தியர் வந்தார், குள்ளமான முனிவர். தலையில் கையை வைத்து அழுத்தி, குறுகு, குறுகு என்றார். நின்ற சாமி குறுகிச் சிவலிங்கமாக ஆனார். அந்த விரல் தடம் இன்னும் லிங்கத்தில் இருக்கிறது. அழுத்திய அழுத்தில் வந்த தலைவலிக்கு இன்றைக்கும் தினமும் தைலம் வைக்கிறார்கள். சின்ன வயதில் இருந்து கேட்ட கதை. அன்றைக்கு அந்தக் காரில் உட்கார்ந்து நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த உலகத்தில் வேறு எந்தச் சாமியிடம் நான் இதைக் கேட்க முடியும்?

வாய்விட்டுக் கேட்கவில்லை. கணேசன் முன்னால் உட்கார்ந்திருந்தான், கூச்சமாக இருந்தது. மனசுக்குள்தான் சண்டை போட்டேன். "சாமி, பெரிசா இருந்து குறுகினவரு நீரு. குறுகினா எப்படி வலிக்கும்னு உமக்குத் தெரியும். இன்னமும் தைலம் வச்சிக்கிட்டுதான் இருக்கீரு. என்னையும் கொஞ்சம் குறுக்கும். முழுசா வேண்டாம். தோள்ல ஒரு நாலு விரல் மட்டும் குறைச்சிரும். அந்த மெஷினுக்குள்ள போற அளவுக்கு. போயிட்டு வந்த பெறவு வேணும்னா திருப்பிக் குடுத்துரும்." இப்படித்தான் கேட்டேன். சிரிக்காதீர்கள். எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் அவ்வளவு அழுகை வந்தது. கணேசன் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமதி திருநீறும், சாமி தலையில் வைத்து எடுத்த தைலமும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. நான் என்ன கேட்டேன் என்று அவளுக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கோமதியின் போன் அடித்தது. சுபா. கோமதி சத்தமாக வைத்து என் காதுப் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு? அன்னிக்கே தோள அளந்து வச்சிருந்தேன்லா. அதச் சொல்லித்தான் ஒவ்வொரு எடமா கேட்டுக்கிட்டு இருந்தேன். திருநவேலில ஒரு ஆஸ்பத்திரில வாய் அகலமான மெஷின் புதுசா வச்சிருக்காங்களாம். எங்க மெஷின விட அது ஒரு நாலு விரல் கூட இருக்கும்க்கா. அண்ணாச்சி தாராளமா போயிருவாவ. டாக்டர்ட்ட சொல்லிட்டேன், அவரும் அங்கன பேசிட்டாரு. ஒடனே கெளம்புங்க."

நாலு விரல் என்றாள். அந்தப் பெண்ணின் வாயில் இருந்து அந்த வார்த்தை வருகிறது. நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போய்விட்டது. "கோமதி, கோமதி" என்று சொல்கிறேனே தவிர அடுத்த வார்த்தை வரவில்லை. அவள் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துப் பதறிவிட்டாள்.

நான் குறுக்கச் சொன்னேன். அவர் வாசலை அகலமாக்கி வைத்திருந்தார்.

பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குக் கார் பறந்தது. வழியில் கோமதி ஒரு காரியம் செய்தாள். நாலு விரல் போதுமோ போதாதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். சாமி தைலத்தை எடுத்து என் இரண்டு தோளிலும், கைப் பக்கத்திலும், விலாவிலும் வழிய வழியத் தேய்த்துவிட்டாள். எதற்கட்டி இவ்வளவு என்று கேட்டால், "வழுக்கிக்கிட்டுப் போயிரும்லா" என்கிறாள். சாமி தலைக்கு வைக்கிற தைலத்தை எனக்கு வண்டிச் சக்கரத்துக்கு மை போடுகிற மாதிரி போட்டிருக்கிறாள். அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அங்கே ஸ்கேன் எடுக்கிறவர் என் சட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வடச்சட்டியில இருந்து நேரா எந்திரிச்சி வாறியளோ?" என்று கேட்டார். கோமதி வெட்கப்பட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. துண்டை எடுத்து மெதுவாகத் துடைத்தார். "தைலத்துக்கு வேலையே இல்லம்மா. இதவிடப் பெரிய ஆளுக எல்லாம் இதுக்குள்ள போயிட்டு வந்திருக்காங்க" என்றார். இடுப்பில் சிவப்புக் கயிறு மட்டும்தான் இருந்தது. அதை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இருந்தாலும் பலகை நகர ஆரம்பித்ததும் எனக்குப் பழைய பயம் அப்படியே வந்துவிட்டது. ரப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டேன். தோள் எப்போது உரசும், எப்போது உரசும் என்று காத்துக்கொண்டே போகிறேன். உரசவில்லை. பலகை நின்றது. கண்ணைத் திறந்தேன். மெஷினும் நீளம் குறைவு. தலைக்குப் பின்னால் அறையின் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. கையை மெல்ல எடுத்து மேல் சுவருக்கும் மூக்குக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன். விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். நாலு விரல் போய் இன்னும் கொஞ்சம் காற்றும் இருந்தது. இரண்டு தோளுக்கும் பக்கத்திலும் இடம் இருந்தது. அவ்வளவுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது.

"அண்ணாச்சி, நகராம கெடங்க. கொஞ்சமும் நகரக் கூடாது" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. என் தலையெழுத்தைப் பார்த்தீர்களா? சர்வீஸ் முழுக்க ஊரை நகரு, நகரு என்று விரட்டினவன். என்னை நகராதே என்கிறார்கள். பிறகு சத்தம் தொடங்கியது. டமடமவென்று தகரத்தில் அடிக்கிற சத்தம், பிறகு கடகடவென்று வேறு ஒரு சத்தம். பயப்படலாமா என்று யோசித்தேன். அருவிக்கு அடியில் நிற்கிற மாதிரி கண்ணை மூடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, "குற்றாலநாதா" என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். அருவியில் நிற்கும்போது சத்தத்துக்கு யார் பயப்படுகிறார்கள்? முடிந்தது என்று பலகையை வெளியே இழுத்தபோது எனக்கு அதற்குள்ளா என்று இருந்தது.

படத்தில் எல்லாம் தெரிந்தது. நடு முதுகில், தண்டுவடத்தை ஒட்டி, திராட்சைப் பழம் மாதிரி ஒரு கட்டி. பார்க்கச் சின்னதாகத்தான் இருந்தது. இந்த மலை உடம்பைச் சாய்த்தது அதுதான். பார்வைக்குக் கெட்ட கட்டி மாதிரி இல்லை, ஆனால் இனி ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். அருவியில் முதுகைக் கொடுத்த கதையைக் கணேசன் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கட்டி அருவியால் வந்தது இல்லை, ஆனால் அதன் மேல் போய் இடி வாங்கியிருக்கிறீர்களே என்றார். அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். கால் திரும்ப வருமா என்று கோமதி கேட்டதற்கு, எங்கள் வேலையைச் செய்துவிட்டோம், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். பரிசோதனையிலும் கட்டி நல்ல கட்டிதான் என்று வந்தது. ஆனால் கால் வரவில்லை. அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

ஒரு நாள் காலை கோமதி ஈரத்துணியால் என் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"ஏ கோமதி, தண்ணிய வெதுவெதுன்னு எடுக்கக் கூடாதா? சில்லுன்னு இருக்கு."

அவள் கை நின்றது. "எங்க சில்லுன்னு இருக்கு?"

"கால்லதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் துடைத்துக்கொண்டிருந்தது என் இடது பாதத்தை. கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, என் பாதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நர்ஸ்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். என்னவோ ஏதோ என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் விஷயம் தெரிந்து, அவர்களும் காலைத் தொட்டுத் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்டார்கள்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. குழாயை எடுத்தார்கள். கட்டைவிரல் அசைந்தது. கம்பியைப் பிடித்து நின்றேன். வாக்கர், அப்புறம் ஊன்றுகோல். தீபாவளிக்கு என் வீட்டு வாசல்படியை நானே ஏறினேன். இப்போது ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். கோமதி சோற்றை அளந்துதான் போடுகிறாள். அந்த நாலு விரலைச் சாமி இப்போது என்னிடமே வசூல் செய்கிறார் போல என்று அவளிடம் சொல்வேன். வெள்ளி அரைஞாண் பீரோவில் இருக்கிறது. இடுப்பில் அந்தச் சிவப்புக் கயிறேதான்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் கேட்டார். "எல்லாம் சரி ஏட்டையா. போன் போட்டது அந்தப் பொண்ணு. மெஷின் வாங்குனது ஆஸ்பத்திரி. அறுத்து எடுத்தது டாக்டரு. இதுல சாமி என்ன செஞ்சாரு?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பெறகு என்ன, சாமி வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு வந்து பலகையத் தள்ளணுமாலே?" என்று கேட்டேன். ஒரு பெண்ணுக்கு முன்பின் தெரியாத ஒருவன் தோளை அளந்து வைக்கத் தோன்றியதே, அதை மறக்காமல் இடம் இடமாகக் கேட்கத் தோன்றியதே, அதைத் தோன்றவைத்தது யார்? நான் மனசுக்குள் கேட்ட அளவையே அவள் வாயில் கொண்டுவந்து வைத்தது யார்? எனக்குப் பதில் தெரியும். சுபா, அந்த டாக்டர்கள், ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் இவர்கள் பெயரைச் சொல்லித்தான் தீபம் பார்க்கிறேன்.

என்னை மாதிரி பெருத்த உடம்புக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள். அகலமான மெஷின் இருக்கிறதா என்று முதலிலேயே வாய் திறந்து கேளுங்கள், எடையை மறைக்காமல் சொல்லுங்கள். முதுகு வலித்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் அருவிக்கு வாருங்கள், அருவி எங்கேயும் போய்விடாது. அதோடு நம் சாமியிடமும் கேளுங்கள். அழகாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். நான் கேட்டதை விடவா கிறுக்குத்தனமாகக் கேட்டுவிடப் போகிறீர்கள்? வலி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். நீங்கள் ஒன்று கேட்பீர்கள், அவர் வேறு ஒன்று கொடுப்பார். கொடுத்த பிறகுதான் அதுதான் சரி என்று நமக்கு விளங்கும்.

தை மாதப் பிரதோஷத்துக்குத்தான் முதல் தடவை கோயிலுக்கு நடந்து வந்தேன். கணேசன் முன்பு நிறுத்திய அதே இடத்தில்தான் காரை நிறுத்தினான். இந்தத் தடவை நானே கதவைத் திறந்து இறங்கினேன். ஊன்றுகோலோடு வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்ற நின்றேன். வலது செருப்பைக் கழற்றினேன். இடது செருப்பைக் கழற்றும்போது, வார் விரலிடுக்கில் உரசிக்கொண்டு விலகியது. பிறகு கல் தரை பாதத்தில் பட்டது. கழுவிவிட்ட ஈரத் தரை, ஜில்லென்று ஏறியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே மணி அடிக்கிறது, எனக்கு அடுத்த எட்டு எடுத்து வைக்க மனசு வரவில்லை.

கோமதி திரும்பிப் பார்த்தாள். "என்ன நிக்கிய? செருப்பு கழண்டது தெரியுதா?"

"தெரியுதுட்டி" என்றேன்.